ஏலத்துக்குப் போன செடிகள்

எங்கள் வீட்டுப் பூனைக்குப் பெயர் கிடையாது. அக்கா அதை, எங்கள் ஊரில் யாரையும் பாசமாகக் கூப்பிடுகிற மாதிரி, ‘மக்கா’ என்று கூப்பிடுவாள். நான் ‘சவமே’ என்று கூப்பிடுவேன். இரண்டுக்கும் அது திரும்பிப் பார்க்கும். மக்கா என்றால் போய் மடியில் ஏறும், சவமே என்றால் சமையலறைக்கு வந்து நிற்கும். மீன் நறுக்குவது நான்தான் என்று அதற்குத் தெரியும்.

இரணியலில் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. அப்பா கட்டிய ஓட்டு வீடு. அக்கா மின்சார ஆபீசில் வேலை பார்த்தாள், நான் தமிழ் டீச்சர். இரண்டு பேரும் கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்பவர்களைப் பார்த்து அக்கா சிரிப்பாள், நான் சண்டைக்குப் போவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பள்ளிக்கூடத்திலும் சரி, சபையிலும் சரி, என்னிடம் பேச்சுக் கொடுக்க யோசிப்பார்கள். அக்காவிடம்தான் எல்லோரும் வந்து உட்காருவார்கள். அவளுடைய சிநேகிதிகளில் முதல் ஆள் அடுத்த வீட்டு மைனி. ரத்த சொந்தம் ஒன்றும் இல்லை. அவருடைய வீட்டுக்காரரை நாங்கள் அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியதால் அவர் எங்களுக்கு மைனி. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் மைனி வீட்டு ஆணியில் தொங்கும்.

அக்காவுக்குச் செடி என்றால் உயிர். வீட்டுக்கு வெளியே வாழையும் தென்னையும் தன்னால் வளர்கின்றன, அதில் என்ன கெட்டிக்காரத்தனம் என்பாள். வீட்டுக்குள்ளே வளர்த்துக் காட்ட வேண்டும். ஜன்னல் கம்பியில் மணி பிளான்ட், டிவிக்குப் பக்கத்தில் பச்சையில் வெள்ளை தெளித்த பெரிய இலைச் செடி ஒன்று. அதற்கு நர்சரிக்காரர் சொன்ன பெயர் எங்கள் இரண்டு பேர் வாயிலும் நுழையவில்லை. நடை முழுக்கக் கற்றாழையும் குரோட்டன்சும். இது எல்லாவற்றுக்கும் மேலே அந்த லில்லி. மூணாறுக்கு ஆபீஸ் சுற்றுலா போனபோது யாரோ ஒரு எஸ்டேட் வீட்டில் கேட்டு, கைக்குட்டையில் ஈரம் வைத்துச் சுற்றிக் கொண்டுவந்த கிழங்கு. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த பூ. காலையில் விரிந்து சாயங்காலம் சுருங்கிவிடும். அது பூத்த அன்று அக்கா ஆபீசுக்குப் பிந்தித்தான் போவாள். நான் கேலி செய்வேன். "பூ ஒன்ன பாத்துக்கிட்டு இருக்கா, நீ பூவ பாத்துக்கிட்டு இருக்கியா?" என்பேன். "ஒனக்கு அதெல்லாம் தெரியாது பிள்ளே" என்பாள்.

அவளுக்கு வயிற்றில் புற்று வந்தது. திருவனந்தபுரத்துக்கு எத்தனையோ தரம் போய் வந்தோம். ஊசி, மருந்து, ஸ்கேன் எல்லாம் முடிந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அக்காவின் அறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். நடையில் நின்ற செடிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தேன். கட்டிலில் கிடந்தபடியே கையை நீட்டினால் லில்லித் தொட்டி எட்டும்.

அந்த மழைக்காலத்தில்தான் பூனை வந்தது. கோழிக்கூட்டுக்கு அடியில் நனைந்து கிடந்த குட்டியை மைனி தன் முந்தானையில் எடுத்துவந்து, "இத ஒண்ணு துடைச்சு விடு, சாவப் போவுது" என்று என் கையில் வைத்துவிட்டுப் போனார். எனக்குப் பூனையே பிடிக்காது. ஒரு நாள் வைத்திருந்து விரட்டிவிடலாம் என்று இருந்தேன். அது நேராகப் போய் அக்காவின் காலடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அக்காவுக்குக் கடைசியில் கால் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். எத்தனை போர்வை போட்டாலும் சூடு ஏறாது. பூனை ஏறிப் படுத்த பிறகு அவள் போர்வை கேட்கவில்லை.

கடைசி நாட்களில் அவளுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். நானும் மைனியும் மட்டும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். அக்கா கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் பார்த்து, "செடியைப் பாத்துக்கோ பிள்ளே" என்றாள். பூனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது வலிக்கவே செய்தது, பொய் சொல்ல மாட்டேன். மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ பாத்துக்கிடுவா, நீ கவலப்படாத" என்றார். அதற்குப் பிறகு அக்கா பேசிய எதுவும் எங்களுக்குப் புரியவில்லை.

அடக்கம் முடிந்து, வந்தவர்களெல்லாம் போய், தம்பியும் இராஜாக்கமங்கலத்துக்குத் திரும்பிப் போன பிறகு வீட்டில் நானும் பூனையும்தான். அப்போதுதான் அது செடியைக் கடிக்க ஆரம்பித்தது. அக்கா இருந்தவரை ஒரு இலையை அது தொட்டது கிடையாது. பசி இல்லை, நான் வேளாவேளைக்கு மீன் போட்டேன். சும்மா அக்காவின் கட்டிலில் ஏறி உட்காரும், பக்கத்தில் இருக்கிற இலையை இழுத்துக் கடிக்கும், துப்பும், மறுபடி கடிக்கும். கையில் கிடைத்ததை எடுத்து அடித்தேன். அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்கு என்னதான் ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு என்ன ஆயிற்று என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் ஒழுகிக்கொண்டு வந்து நின்றது. நாக்கு வீங்கி வெளியே தள்ளியிருந்தது. வயர் கூடையில் துண்டு விரித்து, அதைப் போட்டு, ஆட்டோ பிடித்து மார்த்தாண்டம் போனேன். அங்கே ஒரு கிளினிக்கில் சின்ன வயது டாக்டர் அம்மா ஒருவர் இருந்தார். வாயைத் திறந்து பார்த்ததுமே, "செடி கடிச்சிருக்கு டீச்சர். வீட்டில என்னென்ன செடி நிக்கி?" என்று கேட்டார். அக்காவின் போனை எடுத்துக் கொடுத்தேன். அதில் மனிதர்கள் படத்தைவிடச் செடிகள் படம்தான் அதிகம். டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். வெள்ளை தெளித்த பெரிய இலைதான் நாக்கை வீங்க வைத்தது என்றார். மணி பிளான்டும் அப்படித்தான், கற்றாழை தின்றால் வயிற்றைக் கலக்கும், ஆனால் இதெல்லாம் பிழைத்துக்கொள்ளும் என்றார். லில்லி வந்ததும் விரலை நிறுத்தினார்.

"இது பூனை இருக்க வீட்டில இருக்கவே கூடாது."

"ஏன், இதுவும் வாயைப் பொள்ளுமா?"

"வாயை ஒண்ணும் செய்யாது. கிட்னிய கொண்டு போயிரும். இலை, பூ, பூவுக்க பொடி, பூ போட்டு வச்ச தண்ணி, எது உள்ள போனாலும் அவ்வளவுதான். நாய்க்குக்கூட இப்பிடி இல்ல. பூனைக்குத்தான்."

"எவ்வளவு தின்னா?"

"ஒரு இலை போதும் டீச்சர். மத்த செடிகளையும் எடுத்திருங்க. இது கடிச்சுப் பழகிற்று."

இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். அக்கா ஆசை ஆசையாக வளர்த்தவற்றில் இப்படி ஒரு விஷம் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பூனையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்கு அழுகை வந்தது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று ஆகிவிட்டதே என்ற அழுகை.

முதலில் செடிகளை மொட்டை மாடி போலக் கிடந்த பின்பக்கத் தளத்தில் கொண்டு வைத்தேன். பூனை அங்கேயும் ஏறியது. பிறகு எல்லாவற்றையும் அக்காவின் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அது அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தது. அது படுத்து உறங்கிய கட்டில் உள்ளே இருக்கிறது. அதற்கு அது செடி அறை இல்லை, அக்காவின் அறை. கதவைப் பிறாண்டும், நிறுத்தும், என் முகத்தைப் பார்க்கும், மறுபடி பிறாண்டும். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு சோறு தின்ன முடியவில்லை. கதவைத் திறந்துவிட்டேன். திறந்துவிட்டு, அறை வாசலில் நாற்காலி போட்டு, கையில் ஒரு கம்போடு காவல் இருந்தேன். அறுபதைத் தாண்டிய ஒருத்தி இப்படிக் காவல் இருப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

அதுதான் சங்கதி. யாராவது என்ன நினைப்பார்கள்? சாகக் கிடந்தவள் செடியைப் பார்த்துக்கொள் என்று சொன்னாள், இவள் பூனைக்காக அதைத் தூக்கி எறிந்தாள் என்று ஊர் சொல்லும். அந்த வார்த்தையைப் பக்கத்தில் இருந்து கேட்டவர் மைனி. அவர் முகத்தைப் பார்த்து, எனக்குச் செடி வேண்டாம், பூனைதான் வேண்டும் என்று எப்படிச் சொல்வேன்? ஊருக்கெல்லாம் வெடுக்கென்று பதில் சொன்ன வாய்க்கு இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அக்கா போன பிறகு ராத்திரி என் காலில் ஏறிப் படுப்பது அதுதான் என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபையில் அது பெரிய விசேஷம். அவரவர் விளைந்ததில் முதலானதைக் கொண்டுவந்து ஆலயத்தில் வைப்போம். செந்துளுவன் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சக்கைப் பழம், தேங்காய், கோழி, சுட்டுக் கொண்டுவந்த முந்திரிக்கொத்து. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். கடவுளுக்கு என்று ஏலத்துக்குக் கொடுத்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். காணிக்கை என்று ஆகிவிடும். அக்கா பெயரில் செடிகளைப் படைக்கிறேன் என்று சபையில் சொன்னேன். மைனி கேட்டார், "என்னத்துக்குடி எல்லாத்தையும் குடுக்கிய?" முட்டு வலி, தொட்டி தூக்க முடியவில்லை, தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்று வாயில் வந்ததைச் சொன்னேன். மைனி என் முழங்காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "அப்பிடியா" என்றார்.

செடிகள் ஒவ்வொன்றாக ஏலத்தில் ஏறின. ஏலம் விட்டவர், "இது நம்ம அக்காவுக்க கையால வளந்த செடியாக்கும், பாத்துக் கேளுங்க" என்று சொல்லிச் சொல்லி விலை ஏற்றினார். பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெண்கள் போட்டி போட்டுக் கேட்டார்கள். லில்லியை மைனி கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அடுத்த வீட்டுக்குப் போனால் பூனைக்கு எட்டும். நல்லவேளையாக, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு அம்மாளுக்கு விழுந்தது. அப்பாடா என்று இருந்தது. அந்த நிமிஷத்தில் நான் சந்தோஷப்பட்டேன். அக்கா, என்னை மன்னித்துக்கொள், நான் சந்தோஷம்தான் பட்டேன்.

ஏலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சபையில் ஏலம் எடுத்த பொருளைக் கொண்டுபோவது ஒரு வகை. கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது இன்னொரு வகை. ஒற்றைக் கோழியைக் காணிக்கை கொண்டுவந்த விதவைக்கு அந்தக் கோழியே சாயங்காலம் வீடு தேடித் திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். கையில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்று, அவர்கள் இல்லாத நேரம் பார்த்துக் கூட்டில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பெருமை. அந்த வழக்கம் என் வீட்டுக்கும் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான்தான் யாரிடமும் இரக்கத்தை வாங்காத ஆள் ஆயிற்றே.

செடி இல்லாத வீட்டுக்கு அன்றைக்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை. இராஜாக்கமங்கலம் போய்த் தம்பி வீட்டில் தங்கிவிட்டு வருகிறேன் என்று மைனியிடம் சொன்னேன். "போயிற்று வா. ஒரு நா இருந்து மனசு ஆறிற்று வா. பூச்சைக்கு நான் மீன் வைக்கேன்" என்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்து கிடந்தது. பண்டிகைச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன். தம்பி வீட்டிலிருந்து டாக்டருக்குப் போன் போட்டு லில்லியை எடுத்தாச்சு என்று சொன்னேன், நன்றாகச் சாப்பிட்டேன். அக்கா போன பிறகு நான் நன்றாக உறங்கியது அன்று ஒரு நாள்தான்.

மறுநாள் வெயில் ஏறின பிறகு வந்து கதவைத் திறந்தேன். திறந்ததும் பச்சை வாடை அடித்தது. எல்லாச் செடிகளும் வந்திருந்தன. மணி பிளான்ட் ஜன்னல் கம்பியில், பெரிய இலை டிவிக்குப் பக்கத்தில், கற்றாழை நடையில். அக்கா எதை எங்கே வைத்திருந்தாளோ அதை அங்கே வைத்திருந்தார்கள். இலைகளையெல்லாம் ஈரத்துணியால் துடைத்து, தொட்டிகளுக்குக் காவி அடித்து, தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். அக்காவின் அறையில் லில்லி பூத்திருந்தது. அதிலிருந்து ஒரு பூவை ஒடித்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு, அக்காவின் போட்டோவுக்கு முன்னால் வைத்திருந்தார்கள். டம்ளரில் தண்ணீர் பாதிக்குக் கீழே இருந்தது. பூ தலைசாய்ந்து மேஜையில் கிடந்தது. மேஜை முழுக்கப் பூவின் பொடி, அதில் பூனையின் கால் தடம்.

பின்னாலேயே மைனி வந்தார். அவருடைய முகம் மலர்ந்திருந்தது.

"எப்பிடி இருக்கு? நாங்க எல்லாரும் சேந்தாக்கும் ஏலம் எடுத்தோம். நீ தூக்காண்டாம், பிள்ளே. செடிக்கு வெள்ளம் விடுக்கதுக்கு நான் தெனமும் வாறேன். அவ சாவும்ப சொன்னத நானும்தான் கேட்டேன்."

நான் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். பூனை சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் நுரை நுரையாக வாந்தி. அதில் கொஞ்சம் பச்சை. "சவமே" என்று கூப்பிட்டேன். தலையைத் தூக்கவில்லை. பிறகு, அதுவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிடாத நான், "மக்கா" என்று கூப்பிட்டேன். காது மட்டும் அசைந்தது.

மைனி பதறிப்போனார். கூடையைத் தேடி எடுத்துவந்ததும் அவர்தான், ஆட்டோ பிடித்ததும் அவர்தான். வீட்டைப் பூட்டாமல்கூட என்னோடு ஏறிக்கொண்டார். வழியெல்லாம் ஒரே புலம்பல். "நான் வச்ச சாளை பழசோ என்னவோ. மீன்காரி ஐஸ் போட்டதக் கொண்டு வந்திருப்பா. எனக்க கையாலல்லா வச்சேன்." மீன் இல்லை மைனி என்று சொன்னேன். பின்னே என்ன என்று கேட்டார். நான் கூடையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மார்த்தாண்டத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு பேருந்துக்குப் பின்னால் ஆட்டோ நகராமல் நின்றபோது, இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. மைனி கூடையின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடி ஜெபித்தார். பூனைக்கு ஜெபிக்கலாமா கூடாதா என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. அவருடைய விரல்கள் காவி நிறத்தில் இருந்தன.

டாக்டர் பார்த்த உடனே தெரிந்துகொண்டார். பூனையின் மூக்கில் ஒட்டியிருந்த மஞ்சள் பொடியை ஒரு பஞ்சில் துடைத்து எடுத்து என்னிடம் காட்டினார்.

"லில்லிய எடுத்தாச்சுன்னு போன்ல சொன்னீங்களே டீச்சர்? எப்பிடி திரும்ப வந்தது?"

மைனி என் பக்கத்தில்தான் நின்றார். நான் டாக்டரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே எங்கேயாவது தின்றிருக்கும் என்று சொல்ல நினைத்தேன். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் காலில் மயிரைச் சிரைத்து ஊசியை ஏற்றினார். மைனி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மீனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கிளினிக்குக்குப் போனோம், காலையில் போய்ச் சாயங்காலம்தான் வருவோம். மைனியும் வருவார். நான் வரச் சொல்லவும் இல்லை, வரவேண்டாம் என்று சொல்லவும் இல்லை. குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்கும். அது மூத்திரம் போகிறதா என்று டாக்டர் அடிக்கொரு தரம் வந்து பார்ப்பார். அந்தத் துண்டு ஈரமாக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது மாதிரி வாழ்க்கையில் எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை. அக்காவுக்குக்கூட அப்படி வேண்டிக்கொள்ளவில்லை. அக்காவுக்கு வலி குறையட்டும் என்றுதான் கேட்டேன், பிழைக்கட்டும் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. இதற்குக் கேட்டேன். வெட்கத்தை விட்டு, சத்தமாக, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். துண்டு காய்ந்தே கிடந்தது.

கடைசியில் டாக்டர் என் தோளில் கையை வைத்து, "இனி கஷ்டப்படுத்த வேண்டாம் டீச்சர். வீட்டுக்குக் கொண்டு போறீங்களா, இல்ல நானே ஊசி போட்டிரட்டா?" என்று கேட்டார். வீட்டுக்கு என்றேன். திரும்பி வரும்போது கூடையில் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். எடையே இல்லை. தக்கலை தாண்டும்போது ஒருதரம் வாயைத் திறந்து மூச்சு இழுத்தது. பிறகு இழுக்கவில்லை. மைனிக்கும் தெரிந்துவிட்டது. ஆட்டோக்காரர் பாட்டைப் போட்டிருந்தார். மைனி குனிந்து, "அதக் கொஞ்சம் நிறுத்து மக்கா" என்று அவரிடம் சொன்னார்.

மைனியே மண்வெட்டி எடுத்துவந்து மாமரத்துக்குப் பக்கத்தில் குழி எடுத்தார். அக்காவின் பழைய சேலையில் சுற்றி வைத்தோம். மண்ணை மூடியதும் உள்ளே வந்து கை கால் கழுவி, அக்காவின் அறையில் தரையில் உட்கார்ந்தோம். செடிகளெல்லாம் சுற்றி நின்றன. லில்லியில் புதிதாக இரண்டு மொட்டு வந்திருந்தது.

"ஏட்டி," என்றார் மைனி. "நீ ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

"என்னத்த?"

"பூச்சைக்கு ஆகாதுன்னு. அதுக்குத்தான் குடுத்தேன்னு. முட்டு வலின்னு ஏன் பறஞ்ச?"

"சொன்னா சிரிச்சிருப்பிய."

மைனி என்னைப் பார்த்தார். அவர் கண் சிவந்து வீங்கியிருந்தது.

"சிரிச்சிருப்பேன்," என்றார். "நல்லா சிரிச்சிருப்பேன். சிரிச்சிற்று, செடி எல்லாத்தையும் திங்கள்சந்தையில எனக்க தங்கச்சி வீட்டில கொண்டு வச்சிருப்பேன். ஊருல எவளும் ஒண்ணும் பேச விட்டிருக்க மாட்டேன். நான் எடுத்துத் தந்த பூச்சையல்லாடி அது?"

மைனி வாய்விட்டு அழுதார். அக்கா செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. நானும் அழுதேன்.

பிறகு அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகினார். லில்லித் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார்.

"ஒண்ணும் இங்க வேண்டாம். எல்லாத்தையும் இப்பமே கொண்டு போறேன்."

"வைங்க மைனி," என்றேன். "அது அங்கேயே இருக்கட்டும். இனி அதக் கடிக்க இங்க யாரு இருக்கா?"

மைனி தொட்டியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.